பழைய ஒயின் பாட்டிலுக்குள்ள 30 வருஷமா என்னதான் நடக்குது?

பழைய ஒயின்னு சொன்னதுமே நம்மாளுங்களுக்கு முதல்ல வர்ற டவுட், அப்போ கிக் ஜாஸ்தியா இருக்குமோங்கறதுதான். இருக்காதுங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்தற வேலை பாட்டில்ல அடைக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுபோகுது, அதனால பிரான்ஸ்ல இருக்கற போர்டோங்கற ஒயின் பகுதியோட 1982-ம் வருஷத்து ரெட் ஒயின்ல அன்னைக்கு 12.5 சதவீதம் இருந்துச்சுன்னா இன்னைக்கும் கிட்டத்தட்ட அதேதான். சொல்லப்போனா இப்போ வர்ற புது போர்டோ பலது 14 சதவீதத்தைத் தொடுது. அப்புறம் எதுக்கு அந்தப் பழசுக்குப் போய் காசைக் கொட்டறாங்க? துவர்ப்பும் நிறமும் வாசனையும் மாறுது, அதுக்குத்தான்.

போர்டோல மெடோக் பக்கம், அதாவது ஜிரோந்த் ஆத்தோட இடது கரைல, பெரும்பாலும் கேபர்னே சாவிஞான் திராட்சைதான் ராஜா. சின்னச் சின்னப் பழம், தடிச்ச தோல். பிழிஞ்சா வர்ற சாறுக்கு நிறமே கிடையாது, தோலோட சேர்த்து ஊற விடறதாலதான் சிவப்பு வருது. அந்த நிறப்பொருளுக்குப் பேரு ஆந்தோசயனின். அதே தோல்லயும் விதைலயும் இருந்து டானினும் இறங்குது. பச்சை வாழைக்காயைக் கடிச்சா நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்த வேலையைப் பண்றது டானின்தான். எச்சில்ல வழவழப்பு கொடுக்கற புரதங்கள் இருக்கு, டானின் அதுங்களைப் பிடிச்சுக் கட்டியாக்கிடும், வழவழப்பு போயிடும், வாய் வறண்ட மாதிரி ஆகிடும். அதனால துவர்ப்புங்கறது புளிப்பு இனிப்பு மாதிரி சுவைன்னு சொல்றதை விட, வாய்க்குள்ள ஏற்படற ஒரு உராய்வுன்னு சொல்றதுதான் சரி.

இப்போ பாட்டிலுக்குள்ள போவோம். டானின் மூலக்கூறெல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்து பெருசாகி, கனம் தாங்காம அடில படிஞ்சிடும், அதனால ஒயினோட துவர்ப்பு குறைஞ்சு மிருதுவாகுதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. அது பாதி உண்மை, பழைய பாட்டில் அடில கருஞ்சிவப்பு மண்டி இருக்கறது நிஜம். ஆனா ஒயினோட அமிலத்துல டானின் சங்கிலி ஒரு பக்கம் உடைஞ்சுக்கிட்டும் இருக்கு, இன்னொரு பக்கம் ஆந்தோசயனினோட போய் ஒட்டிக்கிட்டும் இருக்கு. இப்படி ஒட்டினது எச்சில் புரதத்தை முன்ன மாதிரி இறுக்கிப் பிடிக்கறது இல்ல. நிறம் மாறறதுக்கும் இந்தக் கூட்டணிதான் காரணம், தனியா இருந்த ஆந்தோசயனின் கொஞ்ச வருஷத்துலயே பெரும்பாலும் காணாமப் போயிடும், அதுக்கப்புறம் நாம பாக்கற சிவப்பு இந்த ஒட்டுப்போட்ட நிறமிகளோடது. அதான் ஊதா கலந்த சிவப்பு போயி செங்கல் நிறம் வருது.

இதுக்கெல்லாம் ஆக்சிஜன் கொஞ்சம் வேணும். 1866-லயே லூயி பாஸ்டர் ஒயினைப் பத்தி எழுதின புத்தகத்துல ஒயின் பக்குவமாகறதுக்கு ஆக்சிஜன் முக்கியம்னு சொல்லிட்டாரு. நல்ல கார்க் வழியா வருஷத்துக்கு ஏதோ ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் உள்ள போகும். அந்தத் துளிதான் கொஞ்சம் ஆல்கஹாலை அசிடால்டிஹைடா மாத்துது, அந்த அசிடால்டிஹைடு டானினுக்கும் நிறமிக்கும் நடுவுல பாலம் போடுது. அளவு கூடிப்போச்சுன்னா பாலமும் இல்ல ஒன்னும் இல்ல, உலர்ந்த ப்ளம் வாசனை அடிக்கற செத்த ஒயின்தான். பாட்டிலைப் படுக்க வைக்கறது கார்க் காயாம இருக்க, 12, 13 டிகிரில வைக்கறது வேகத்தைக் கட்டுப்படுத்த. சூடு ஏறினா சீக்கிரம் பக்குவமாகும்னு குறுக்கு வழி யோசிக்காதீங்க, எல்லா வினையும் ஒரே அளவுல வேகமாகாது, கெடுக்கற வினைங்க முந்திக்கும்.

வாசனைதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. புது ஒயின்ல பழ வாசனை கொடுக்கற எஸ்டர்கள்ல பலது மெல்ல உடைஞ்சு போயிடும், அந்த இடத்துக்கு தேவதாரு மரம், புகையிலை, தோல், காளான், ஈர இலைச் சருகுன்னு வேற கூட்டம் வரும். ட்ரஃபிள் காளான் மாதிரி ஒரு வாசனை வந்தா அதுல டைமெத்தில் சல்ஃபைடுக்குப் பங்கு உண்டு. நல்லா வயசான போர்டோல லேசா புதினா கூட தட்டும், அதுக்குப் பின்னாடி பைப்பரிட்டோன்ங்கற ஒரு வேதிப்பொருள் இருக்குன்னு போர்டோ ஆராய்ச்சியாளர்களே கண்டுபிடிச்சாங்க.

குடிக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை நிமிர்த்தி வச்சிடணும், மண்டி கீழ இறங்கட்டும். 30 வருஷ கார்க் ஊறி உதிரும், திருகாணியைக் குத்தினா தூளாகிடும், அதுக்குன்னே ரெண்டு மெல்லிசான தகடு வச்ச ஓபனர் இருக்கு, பக்கவாட்டுல செருகி முறுக்கி இழுக்கணும். அப்புறம் கழுத்துக்குக் கீழ ஒரு லைட்டைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா டிகான்டர்ல, அதாவது அகலமான கண்ணாடிக் குடுவைல, ஊத்தணும், கழுத்துல கருப்பா ஒரு கோடு நகர்ந்து வர்றது தெரிஞ்சதும் நிறுத்திடணும். கிளாஸை வெள்ளைத் தாள் மேல சாய்ச்சுப் பாருங்க, நடுவுல சிவப்பு, ஓரத்துல ஆரஞ்சு, அதுக்கும் ஓரத்துல தண்ணி மாதிரி. புது ஒயினை ரெண்டு மணி நேரம் காத்துல விடலாம், இதை விடக்கூடாது, ரொம்ப வயசானதுன்னா ஊத்தின ஒரு மணி நேரத்துலயே வாசனை இறங்கிடும். வாய்ல வச்சுக் கொஞ்சம் காத்தையும் உறிஞ்சணும், தொண்டைக்குப் பின்னாடி வழியா மூக்குக்குப் போற வாசனையைத்தான் நாம சுவைன்னு நினைச்சுட்டு இருக்கோம்.

ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தா அது வயசு இல்ல, கார்க்ல இருந்து வர்ற டிசிஏங்கற வேதிப்பொருள், லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும், கொட்ட வேண்டியதுதான். டானின் நிறைய இருந்தா நிச்சயம் நல்லா வரும்னும் கிடையாது. 1975 போர்டோ அதுக்கு உதாரணம், துவர்ப்பு இளகறதுக்குள்ள பல பாட்டில்ல பழ வாசனையே வத்திப்போச்சு. உலகத்துல தயாராகற ஒயின்ல பெரும்பகுதி சில வருஷத்துக்குள்ள குடிக்கத்தான், எடுத்து வச்சா நஷ்டம் நமக்குத்தான்.

விலை இப்படி ஏறும்போது டூப்ளிகேட் வராம இருக்குமா? போர்டோல பிலிப் ஊபேர்னு ஒரு இயற்பியலாளர் பாட்டிலைத் திறக்காமலே உள்ள இருந்து வர்ற காமா கதிரை வச்சு, அணுகுண்டு வெடிப்பால பரவின சீசியம்-137ங்கற கதிரியக்கப் பொருள் இருக்கான்னு பாக்கற முறையைக் கொண்டு வந்தாரு. அணுகுண்டு வெடிச்ச 1945-க்கு முந்தின திராட்சைல அது இருக்கவே முடியாது, இருந்தா லேபிள் பொய். ஆனா 1900-ம் வருஷத்து சாதா ஒயினை எடுத்து ஷாத்தோ லஃபீட் மாதிரி பேர்போன போர்டோ தோட்டத்து லேபிள் ஒட்டி வித்தா இந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, அங்க கார்க்கையும் கண்ணாடியையும் லேபிளையும் நோண்டிப் பாத்து, கடைசில எவனாவது குடிச்சுத்தான் பாக்கணும்.