மிட்வைஃபும் டூலாவும்: பிரசவ அறையில் யாருக்கு என்ன வேலை?

அந்தக் காலத்து ஊர் மருத்துவச்சி ஒரே ஆளாக இரண்டு வேலை பார்த்தார். குழந்தையை ஏந்தி, தொப்புள்கொடியை அறுப்பார். அதற்கு முன்னால் பல மணி நேரம் பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு, வெந்நீர் கொடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலை பயிற்சி பெற்றவர்கள் கைக்கு வந்தது. அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இரண்டாவது வேலையோ, லேபர் வார்டு கதவுக்கு வெளியே பிளாஸ்க்கும் பையுமாக நிற்கும் அம்மாவோடு நின்றுபோனது. இன்று முதல் வேலைக்கு உரியவரை மிட்வைஃப் என்றும் இரண்டாவதற்கு உரியவரை டூலா என்றும் அழைக்கிறோம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வது ஆபத்து.

மிட்வைஃப் மருத்துவப் பொறுப்புள்ளவர். இங்கிலாந்தில் 1902-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இது பதிவு பெற்ற தொழில். டாக்டரோ பதிவு பெற்ற மிட்வைஃபோ அல்லாத ஒருவர், அவசர நிலை தவிர, பிரசவம் பார்ப்பது அங்கே குற்றம். இலங்கைத் தமிழர்கள் ‘மருத்துவமாது’ என்று சொல்பவரும் முறையான அரசுப் பயிற்சி முடித்தவர்தான். இந்தியாவில் நர்ஸிங் படிப்பிலேயே பேறுகாலப் பயிற்சி உண்டு. அதற்கு மேல் 18 மாதப் பயிற்சியுடன் தனி மிட்வைஃப்களை உருவாக்கும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது.

வலி வலுத்து, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு மிட்வைஃபின் கண் கடிகாரத்தின் மேல் இருக்கும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிடமாவது கேட்க வேண்டும். முக்கும் கட்டம் வந்ததும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் இயல்பு. அதையும் வலி வந்திருக்கும்போதே கேட்கத் தொடங்கி, வலி விட்ட பிறகும் அரை நிமிடமாவது தொடர வேண்டும். காரணம் இருக்கிறது. கருப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் குறைகிறது. தெம்புள்ள குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். வலி விட்ட பிறகும் துடிப்பு தாழ்ந்தே கிடந்தால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் மட்டும், துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்துவிட்டு “நார்மல்” என்று எழுதுகிறவருக்கு இது தெரியாமலே போகும்.

குழந்தை பிறந்த பிறகுதான் மிட்வைஃபுக்கு மிகப் பெரிய வேலை என்பேன். நிறைமாதக் கருப்பையில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த ரத்தக் குழாய்களின் வாய் திறந்தபடி இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருப்பைத் தசைகள் இறுகித்தான் அவற்றை முடிச்சுப் போட்டதுபோல் அடைக்க வேண்டும். அதற்காகவே குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். பிறகு மிட்வைஃப் தொப்புளுக்குக் கீழே கைவைத்துப் பார்ப்பார். பந்துபோல் கெட்டியாக இருந்தால் நல்லது. பிசைந்த மாவுபோல் தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நிரம்பிய பை கருப்பையை இறுக விடாது. ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். அதனால்தான் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே விரித்து அளக்கச் சொல்கிறார்கள்.

இவற்றில் எதையும் டூலா செய்யக் கூடாது. உள்பரிசோதனை, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மருந்து எதிலும் அவர் கை படக் கூடாது. கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். பிரசவம் முடியும்வரை பெண்ணின் பக்கத்தை விட்டு அகலாமல் இருப்பதே அவர் வேலை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரைப் பார்க்க வேண்டிய நர்ஸால் முடியாத வேலை இது.

வெறுமனே கூட இருப்பதில் என்ன பலன் என்று கேட்கலாம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பைத் தசையைத் தளர்த்தி வலியை மந்தமாக்கும், பிரசவம் இழுக்கும். பயம் தணிந்தால் பெண்ணின் சொந்த ஆக்ஸிடோசின் தடையின்றி வேலை செய்யும். 17 நாடுகளைச் சேர்ந்த 26 சோதனைகளில் 15,858 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்டது. தொடர்ந்து ஒருவர் துணையிருந்த பெண்களுக்கு சிசேரியன் ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது. வலி நேரமும் சராசரியாக 40 நிமிடம் குறைந்திருந்தது.

கைவேலையும் உண்டு. குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் வலி முழுவதும் அடிமுதுகில் வந்து உட்காரும். அப்போது பெண்ணை நாற்காலி முதுகின் மேலோ கட்டில் விளிம்பிலோ முன்பக்கம் சாயச் சொல்லி, இடுப்புக்குப் பின்னால் தெரியும் இரண்டு குழிகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏற ஏற அழுத்தி, இறங்க இறங்கத் தளர்த்த வேண்டும். கையை மட்டும் நம்பினால் பத்து வலிக்குள் மணிக்கட்டு விட்டுவிடும். முழங்கையை நீட்டி உடம்பின் எடையைச் சாய்க்க வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். நடுநடுவே ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவதும் சின்ன வேலைதான். ஆனால் நிரம்பிய பை குழந்தையின் தலை இறங்குவதையும் தடுக்கும்.

எல்லை மீறும்போதுதான் விபரீதம். “முதல் பிரசவம்தானே, இன்னும் கொஞ்சம் வீட்டிலேயே இருக்கலாம்” என்று டூலா சொல்வது மருத்துவ முடிவு. அதை எடுக்க அவருக்குப் பயிற்சி இல்லை. பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், ரத்தம் கொட்டினால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நல்ல டூலாதான் முதலில் “கிளம்புங்கள்” என்பார். ஊசி வேண்டாம், சிசேரியனுக்குச் சம்மதிக்காதே என்று நெருக்குகிறவரைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவில் டூலாவுக்கு அரசுப் பதிவு கிடையாது. சான்றிதழ் தருபவை தனியார் அமைப்புகள். மிட்வைஃப் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள்.

டூலாவுக்குப் பணம் கொடுக்க முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். பிள்ளை பெற்ற அனுபவமுள்ள அம்மாவோ அக்காவோ அத்தையோ இந்தக் கைவேலையை ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக உறவுக்காரப் பெண் ஒருவரை உள்ளே அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே உள்ளே வரப்போகிறவர் யார் என்று நர்ஸிடம் சொல்லி வையுங்கள். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று வாதாட நேரம் இருக்காது.