மாணவர் அபார்ட்மெண்டுக்கு டோக்கன் கட்டும் முன்பு

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிக்கும் மாதங்களில், நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரே வகையான காகிதத்தோடு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். சென்னையிலோ கோவையிலோ திருவனந்தபுரத்திலோ மாணவர்களுக்கென்றே கட்டிய சொகுசு அபார்ட்மெண்ட். சில நேரம் நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பக்கத்திலேயே இருக்கும் கட்டடம். ஏசி, வைஃபை, ஜிம், லிஃப்ட், கைரேகை வைத்தால் திறக்கும் கதவு என்று எல்லாம் உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர், "டோக்கன் கட்டியாச்சு சார், இந்த அக்ரிமெண்டை ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்றுதான் சொல்வார்கள். பணம் கைமாறிய பிறகு நான் பார்த்துச் சொல்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது. அதனால்தான் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தக் கட்டடங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அவை உண்மையிலேயே பொருந்தும். ஆனால் பொருந்துமா என்பதைக் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் பிள்ளையின் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும், எப்போது அறைக்குத் திரும்புவார், எங்கே சாப்பிடுவார், எங்கே உட்கார்ந்து படிப்பார், துணி எப்போது துவைப்பார். இதை அந்தப் பிள்ளையே ஒரு தாளில் எழுதட்டும். பிறகு அபார்ட்மெண்ட்காரர்கள் தந்த வசதிப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வரும் பொறியியல் மாணவருக்கு ஜிம்மும் சினிமா அறையும் அந்தத் தாளில் எங்கேயும் வராது. தனி மேசை, நல்ல வெளிச்சம், விட்டுப்போகாத தண்ணீர், முறை வைத்துச் சண்டை போடாமல் கிடைக்கும் வாஷிங் மெஷின் ஆகியவை தினமும் வரும். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருப்பவை இவைதான். பார்க்கப் போகிறவர்களும் இவற்றைக் கேட்பதில்லை.

நேரம் தவறி வேலை செய்யும் மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்குக் கணக்கு வேறு. இரவு டியூட்டி முடிந்து விடியற்காலையில் திரும்புகிறவருக்கு வாசலில் ஆள் இருப்பதும், பகலில் தூங்க அமைதியான அறை கிடைப்பதும் பெரிய விஷயம். உடல்நலக் குறைபாடு காரணமாக லிஃப்டும் தனிக் கழிப்பறையும் தேவைப்படுகிறவர், கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட், வேலைத் தேர்வு என்று தனிமை தேடுகிறவர் ஆகியோருக்கும் கூடுதல் வாடகை நியாயமாக இருக்கலாம். பதினேழு வயதில் முதல் தடவையாக வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைக்கு மட்டும் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் செமஸ்டர் கல்லூரி விடுதியில் இருக்கட்டும். ஊரும் நண்பர்களும் பிடிபட்ட பிறகு, யாரோடு தங்குவது என்பதை அவரே தேர்ந்தெடுத்து மாறிக்கொள்ளட்டும்.

நம் மாவட்டத்திலேயே படிப்பவர்களுக்கு அறையே தேவையா என்றும் ஒரு முறை யோசியுங்கள். தக்கலையிலிருந்து நாகர்கோவில் சுமார் 15 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 30. பேருந்துக்குக் குறைவில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமும் கிடையாது. ஆய்வகம் இரவு வரை நீளும் படிப்பு என்றால் சரி, பக்கத்தில் அறை வேண்டும். மற்றபடி வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டடம் குமரி மாவட்டத்தில் இருந்தால் மழையை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நமக்கு உண்டு. வெளிநாட்டுப் பாணியில் திறக்க முடியாத கண்ணாடி வைத்து, ஏசியை நம்பிக் கட்டிய அறையில் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் சுவர் பூசணம் பிடிக்கும், துணி காயாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலமாரியைத் திறந்து பின்பலகையை முகர்ந்து பாருங்கள், கழிப்பறைக் கூரையின் மூலையைப் பாருங்கள். துணி காயப்போட பால்கனியோ கூரை போட்ட மொட்டை மாடியோ இருந்தால் நல்லது. பவர் பேக்கப் உண்டு என்று சொன்னால், அதில் எவையெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது நமக்கு மறந்திருக்காது. பொது விளக்கும் லிஃப்டும் ஓடும், அறையில் மின்விசிறி ஓடாது என்றால் அது உங்கள் பிள்ளைக்கான பேக்கப் இல்லை. தண்ணீர் மோட்டார் அதில் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி பணம். இருவர் பங்கிடும் அறைக்கு ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பதினோரு மாதத்துக்கு 1,32,000. பராமரிப்பு மாதம் 1,500 என்றால் 16,500. திருப்பித் தராத சேர்க்கைக் கட்டணம் 5,000. மின்சாரம் தனி. இரவு எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் ஆறு யூனிட், யூனிட்டுக்கு 14 ரூபாய் வசூல், மாதம் 25 இரவு என்றால் 2,100. ஆளுக்குப் பாதி 1,050. பதினோரு மாதத்துக்கு 11,550. சாப்பாடு மாதம் 5,000 என்றால் 55,000. மொத்தம் 2,20,050. மாதம் 12,000 என்று பேசத் தொடங்கியது 20,000ஐத் தாண்டிவிட்டது. அட்வான்ஸ் இதில் சேரவில்லை. செமஸ்டர் விடுமுறையில் பிள்ளை வீட்டில் இருக்கும் வாரங்களுக்கும் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் இந்தத் தலைப்புகள் அப்படியே இருக்கும். இவற்றை நிரப்பித் தரச் சொல்லி மேலாளரிடமே கேளுங்கள். நிரப்பித் தரத் தயங்கினால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

"ஜிஎஸ்டி தனி" என்று ஒரு வரி இருந்தால் அங்கே நிறுத்துங்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கும் இடத்துக்கு 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. எதற்காக வரி போடுகிறார்கள் என்று எழுத்தில் கேட்கலாம்.

அடுத்தது, நம் மாவட்டக் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல். வாடகை மாதம் 5ஆம் தேதி, தாமதமானால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தம் சொல்லும். மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்து எழுதிய வரி அது. தூத்தூர், குளச்சல் பக்கத்து மீனவர் குடும்பத்துக்கு வருமானம் அப்படி வருவதில்லை. மேற்குக் கடலில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கல்லூரிக் கட்டணமும் அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்ந்து விழுவதும் அதே மாதங்களில்தான். அடைமழையில் பால்வெட்டு நின்றுபோகும் குலசேகரம் பக்கத்து ரப்பர் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். சேரும்போதே மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டும் ஏற்பாடோ, ஜூன், ஜூலைக்கு மட்டும் தள்ளிக் கட்டும் ஏற்பாடோ கேட்டு வாங்குங்கள். கேட்டால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். கௌரவம் பார்த்துக் கேட்காமல் விட்டு, பிறகு வட்டிக்கு வாங்கி அபராதம் கட்டிய வீடுகளை நான் அறிவேன். அதை நினைத்தால் இன்னும் மனது வலிக்கிறது.

இனி ஒப்பந்தம். முதல் பக்கத்தில் "வாடகை ஒப்பந்தம்" என்று இருக்கிறதா, "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் உரிமையாளர் அறைக்குள் வரக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். லைசென்ஸ் என்று எழுதிவிட்டால் உங்கள் பிள்ளை வாடகைதாரர் இல்லை, அந்த இடத்தைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர் மட்டுமே என்று அவர்கள் வாதிடுவார்கள். அறையை மாற்றுவது, கூட ஒருவரைச் சேர்ப்பது, உடனே காலி செய்யச் சொல்வது எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிடும். ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது என்பது உண்மை. ஆனால் செமஸ்டர் நடுவில் அந்த வழக்கை நடத்திக்கொண்டு யாரும் படிக்க முடியாது. குறைந்தபட்சம் அறை எண், கட்டில் எண்ணிக்கை, அறை மாற்றத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்ற வரி, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரைதான். நீங்கள் ஆறு மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். லாக் இன் காலத்தையும், அதாவது இடையில் காலி செய்ய விடாமல் ஒப்பந்தம் கட்டிவைக்கும் மாதங்களையும், இதே கண்ணோடு பாருங்கள். இடையில் காலி செய்தால் மீதி மாதங்களின் முழு வாடகையும் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால், படிப்பை விட்டாலோ கல்லூரி மாறினாலோ நோய் வந்தாலோ என்ன என்று கேளுங்கள். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று கவுன்சலிங்கில் கல்லூரி மாறும் பிள்ளைகள் நிறையப் பேர். இப்படிப்பட்ட அபராத வரியில் எழுதியதையெல்லாம் அப்படியே வசூலிக்க முடியாது, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் அட்வான்ஸ் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும். "ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்யலாம்" என்ற வரியை இப்போதே சேர்ப்பது, பிறகு சட்டம் பேசுவதைவிட எவ்வளவோ மேல். பதினெட்டு நிரம்பாத பிள்ளை போடும் கையெழுத்து செல்லாது, அதனால் உங்களிடம்தான் வாங்குவார்கள். பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

பெண் பிள்ளைகளுக்கான இடம் என்றால், பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். "இது ஹாஸ்டல் இல்லை, அபார்ட்மெண்ட்" என்று பதில் வரலாம். சாப்பாடு, வார்டன், நேரக் கட்டுப்பாடு எல்லாம் வைத்து நடத்திவிட்டு உரிமம் கேட்டால் மட்டும் அபார்ட்மெண்ட் என்றால், நான் என் பெண்ணை அங்கே விடமாட்டேன். தீ விபத்து நேர்ந்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது பூட்டிக் கிடக்கிறதா என்பதை நடந்து போய்ப் பாருங்கள். கைரேகைக் கதவு மின்சாரம் போனால் உள்ளிருந்து திறக்குமா என்று திறந்தே காட்டச் சொல்லுங்கள்.

அப்பா வளைகுடாவிலும் அம்மா ஊரிலும் இருக்கும் வீடுகளில், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்தே பணம் அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீடியோ பெரும்பாலும் மாதிரி அறையைக் காட்டுவது. நேரில் போக முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். பிள்ளைகள் எல்லோரும் அறையில் இருக்கும் நேரத்தில்தான் வைஃபை எப்படி, தண்ணீர் எப்படி, சத்தம் எப்படி என்பது தெரியும். மேலாளர் அருகில் இல்லாதபோது அங்கே தங்கியிருக்கும் ஒரு மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: போன வருடம் காலி செய்தவர்களுக்கு அட்வான்ஸ் எப்போது வந்தது?

வாயால் சொன்ன வாக்குறுதி எதுவானாலும் அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அவர்களுக்கு எழுதி, "சரிதானே" என்று கேட்டு பதில் வாங்கி வையுங்கள். குடிபுகும் நாளில் சுவர், மெத்தை, குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளிலும் அதேபோல் எடுங்கள். அட்வான்ஸ் வராமல் இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டடம் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அதனால் நாகர்கோவிலிலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் எதுவும் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசீதும் ஒப்பந்த நகலும் அந்த வாட்ஸ்அப் பதில்களும் கையில் இருந்தால் போதும்.