அரை நிமிச விளம்பரமும் ஒரு மரச்செக்கும்

போன தை மாசம் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு 30 செகண்ட்ல ஒரு விளம்பரம் எடுக்கணும்னு பிராஜெக்ட் குடுத்திருந்தேன். அதுல நாலு பேர் கொண்ட ஒரு டீம் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்துல இருக்கற ஒரு மரச்செக்கு நல்லெண்ணெய்க் கடையைப் புடிச்சாங்க, நானும் கூடப் போனேன். ரெண்டு போன், ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக், ஒரு தெர்மாகோல் ஷீட், இவ்ளோதான் சாமான். முதல் நாள் எடுத்ததை சாயங்காலம் லேப்டாப்ல போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட எதுவுமே தேறல. படம் பூரா கருப்புப் பட்டை பட்டையா ஓடுது, எண்ணெய் வெளுத்துப்போய் தண்ணி மாதிரி இருக்கு, செக்குக்காரர் ஆசையா பேசினதெல்லாம் மோட்டார் சத்தத்துல முங்கிப்போச்சு. ஆனா அங்க நின்னு பாக்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு, எண்ணெய் தங்கமாத்தான் மின்னுச்சு, அவர் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சு.

பசங்க முகம் வாடிப்போச்சு, போன் நல்ல போன் இல்லன்னு நினைச்சாங்க. போன் மேல ஒரு தப்பும் இல்ல. நம்ம கண்ணும் காதும் பாத்த கேட்ட விஷயத்தை அப்படியே உள்ள அனுப்பாது, மூளையோட சேந்து சரிபண்ணித்தான் குடுக்கும், கேமராவுக்கும் மைக்குக்கும் அந்த வேலையெல்லாம் தெரியாது. ஷூட்டிங்ல வர்ற முக்கால்வாசி கஷ்டம் இந்த வித்தியாசத்துல இருந்துதான் வருது, அதே மூளையோட அந்தப் பழக்கத்தாலதான் எடிட்டிங்னு ஒரு வித்தையே வேலை செய்யுது.

முதல்ல அந்தப் பட்டை. செக்கு ஓடற கொட்டாய்க்குள்ள பழைய சோக் வச்ச டியூப் லைட் ரெண்டு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை உச்சத்துக்குப் போகும், அதனால அந்த மாதிரி டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசமாகுது. இவ்ளோ வேகத்தை நம்ம கண்ணு புடிக்காது, நமக்கு ஒரே சீரான வெளிச்சமாத் தெரியும். போன்ல இருக்கற சென்சார் படத்தை ஒரே அடியா எடுக்கறதில்ல, மேல இருந்து கீழ வரைக்கும் வரிவரியா படிக்கும். போன் தானா ஷட்டரை, அதாவது ஒவ்வொரு வரியும் வெளிச்சம் வாங்கற நேரத்தை, 1/60 செகண்ட்ல வச்சிருந்துச்சு, அந்த நேரத்துல லைட்டோட மங்கல் ஒண்ணே முக்கா சுத்து கிட்ட ஓடுது, முழுசா முடியல, அதனால ஒரு வரிக்கு வெளிச்சம் கூடுதலா விழுது, கொஞ்சம் தள்ளி இருக்கற வரிக்குக் கம்மியா விழுது, அதுதான் பட்டை. ஷட்டரை 1/50ன்னு வச்சா சரியா ரெண்டு முழு சுத்து, 1/100ன்னு வச்சா ஒரு முழு சுத்து, எந்த வரி எப்ப ஆரம்பிச்சாலும் மொத்த வெளிச்சம் ஒண்ணுதான். எல்லாத்தையும் நாமே கையால மாத்தற ப்ரோ மோடுல போய் 1/50 வச்சோம், பட்டை அந்த நிமிஷமே காணாமப் போச்சு. அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அங்க 1/60 சரியா வரும். பழைய டிவி அங்க செகண்டுக்கு 30 பிரேம், இங்க 25 பிரேம்னு வந்ததுக்குக் காரணமும் இந்தக் கரண்ட் கணக்குதான், நாங்களும் 25லயே எடுத்தோம்.

அடுத்தது எண்ணெயோட நிறம், இதை மட்டும் ஒரு மணி நேரம் உக்காந்து சரி பண்ணோம், ஏன்னா இந்த விளம்பரமே அந்த நிறத்தை நம்பித்தான் இருக்கு. வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, பழைய குண்டு பல்ப் வெளிச்சம் 2700 கெல்வின் பக்கம், மஞ்சளா இருக்கும், உச்சி வெயில் 5500 பக்கம், நிழல் இன்னும் மேல போய் நீலம் தட்டும். ஒரு வெள்ளைச் சட்டையை பல்ப் அடியில பாத்தாலும் வெயில்ல பாத்தாலும் நமக்கு வெள்ளைதான், மூளை கணக்குப் போட்டுக் கழிச்சிடும். போன் அதையே ஆட்டோ வைட் பேலன்ஸ்னு செய்யப் பாக்குது, ஆனா அதுக்கு எதிர்ல இருக்கறது எண்ணெய்னு தெரியாது. குளோசப்ல பிரேம் முழுக்க மஞ்சளா நிறைஞ்சதும், ஓ இங்க வெளிச்சமே மஞ்சள் போலன்னு நினைச்சுக்கிட்டு அந்த மஞ்சளைக் கழிச்சுடுது, அப்படித்தான் எண்ணெய் வெளுத்துச்சு. செக்குக்காரர் கட்டியிருந்தது சலவை வேட்டி, அவரைக் கொஞ்சம் செக்கு பக்கத்துல நிக்கச் சொல்லி அந்த வேட்டியை வச்சே நிறத்தை சரிபாத்து வைட் பேலன்ஸை லாக் பண்ணோம். எக்ஸ்போஷரும் (படத்தோட வெளிச்ச அளவு) ஃபோகஸும் கூட ஸ்கிரீன்ல விரலை அழுத்திப் புடிச்சா லாக் ஆயிடும், இல்லன்னா ஒருத்தர் குறுக்க நடந்தாலே படம் பளிச்னு ஏறி இறங்கும்.

அதோட நின்னுடல. எண்ணெய் ஒளியை உள்ள விடற பொருள், முன்னாடி இருந்து லைட் அடிச்சா மேல்பரப்பு மட்டும்தான் மினுங்கும், பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தாத்தான் உள்ளுக்குள்ள ஊடுருவி முழு ஒழுக்கும் தேன் மாதிரி ஜொலிக்கும். கொட்டாய் வாசல் வெயிலை தெர்மாகோல்ல வாங்கி, எண்ணெய் ஒழுகற இடத்துக்குப் பின்னாடி திருப்பினோம். நேர் வெயிலைவிட தெர்மாகோல்ல பட்டு வர்ற வெளிச்சம் மெத்துன்னு இருக்கும், ஏன்னா ஒரு புள்ளியில இருந்து வராம ஒரு பெரிய பரப்புல இருந்து பல திசையா வருது, நிழலோட ஓரம் கரைஞ்சுடும். இந்த பவுன்ஸ் லைட்டை நம்ம நாட்டு சினிமாவுல பெரிய அளவுல கொண்டுவந்தவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956ல வந்த சத்யஜித் ராயோட அபராஜிதோவுல காசி வீட்டு முற்றத்தை செட் போட்டு எடுக்கும்போது, மேல வெள்ளைத் துணியைக் கட்டி லைட்டை அதுல அடிச்சு, வானத்துல இருந்து இறங்கற வெளிச்சம் மாதிரி ஆக்கினார். நாம அதே விதியை தெர்மாகோல்ல செய்யறோம், அது எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம்.

சத்தம்தான் ரொம்ப படுத்துச்சு. செக்கு மோட்டார், பெல்ட், பல்சக்கரம் எல்லாம் சேந்து கத்துது, நாம ஆறடி தள்ளி நின்னும் அவர் பேச்சைக் கேக்கறோம். ரெண்டு காதுலயும் வர்ற சத்தத்தோட சின்னச் சின்ன வித்தியாசத்தை வச்சு மூளை நமக்கு வேண்டிய குரலைப் பிரிச்செடுக்குது, 1953ல காலின் செர்ரிங்கற ஆய்வாளர் இதை சோதனை பண்ணி எழுதினார், காக்டெய்ல் பார்ட்டி எஃபெக்ட்னு பேரு, நம்ம கல்யாண மண்டபப் பந்தியில தினம் நடக்கறதுதான். மைக்குக்கு எல்லா சத்தமும் ஒண்ணு. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும், அதையே திருப்பிப் பாருங்க, ஆறடியில இருந்த மைக்கை அரையடிக்குக் கொண்டுபோனா தூரம் 12ல ஒரு பங்கு ஆகுது, குரல் 21 டெசிபலுக்கு மேல ஏறும், மோட்டார் அதே அளவுலதான் இருக்கும். அப்படியும் சுத்தமா வரல. கடைசியில மோட்டாரை ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கன்னு கேட்டோம், ஏனுங்க தம்பி, ஆட்டற எள்ளை பாதியில நிறுத்துனா எண்ணெய் என்னத்துக்கு ஆகும்னு கேட்டார், நியாயம்தான். அவரை வெளிய காருக்குள்ள உக்கார வச்சு கண்ணாடி ஏத்தி அங்கயே பேச வச்சோம், சீட்டு பஞ்சும் துணியும் எதிரொலியைக் குடிச்சுடும், வெறும் சிமெண்ட் சுவர் ரூமைவிட எவ்வளவோ மேல். செக்கு சத்தத்தை அப்புறம் தனியா ஒரு நிமிஷம் யாரும் மூச்சுவிடாம ரெக்கார்டு பண்ணிக்கிட்டோம்.

பிளானிங்கை முன்னாடி சொல்லாம விட்டதுக்குக் காரணம் இருக்கு, முதல் நாள் அடி வாங்கின பிறகுதான் பசங்களே உண்மையா பிளான் பண்ண உக்காந்தாங்க. 30 செகண்ட்னா 25 பிரேம் கணக்குல 750 படம், அவ்வளவுதான் நம்ம நிலம். உலகத்துல முதல்ல முறைப்படி காசு குடுத்துப் போட்ட டிவி விளம்பரம், 1941 ஜூலை 1 அன்னிக்கு நியூயார்க்ல ஓடின புலோவா வாட்ச் விளம்பரம், 10 செகண்ட்தான். ஒரு வாட்ச், ஒரு வரி, முடிஞ்சுது. நம்ம தூர்தர்ஷன்ல விளம்பரம் வர ஆரம்பிச்சது 1976ல. இவங்க முதல்ல எழுதின ஸ்கிரிப்ட்ல செக்கோட வரலாறு, வாகை மரம், கருப்பட்டி சேத்து ஆட்டறது, உடம்புக்கு நல்லது எல்லாமே இருந்துச்சு. ஸ்டாப்வாட்ச் வச்சு சத்தமா படிக்கச் சொன்னேன், 52 செகண்ட் ஆச்சு. நம்ம வார்த்தைங்க நீளம், வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கிட்டே வரும், இங்கிலீஷ்ல சொல்ற வார்த்தைக் கணக்கு நமக்கு ஒத்துவராது, வாய்விட்டுப் படிச்சுப் பாத்தாத்தான் தெரியும். கடைசியில ஒரே விஷயம்னு முடிவு பண்ணாங்க, வீட்டு ஞாபகம். ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு, மெஸ் இட்லி, பாட்டி குடுத்துவிட்ட பொடி டப்பா, சின்ன பாட்டில்ல நல்லெண்ணெய். 12 ஷாட், ஒவ்வொண்ணையும் கட்டம் போட்டு குச்சி மனுஷங்களா வரைஞ்சு பக்கத்துல எத்தனை செகண்ட்னு எழுதினாங்க.

அந்தக் கட்டம் வரையும்போதே ஒரு சிக்கல் மாட்டுச்சு. வேலை செய்யற அண்ணன் எள்ளு மூட்டையோட இடமிருந்து வலமா நடந்து வர்றார், அடுத்த ஷாட்ல கேமரா அவருக்கு அந்தப் பக்கம் போயிட்டா அவர் வலமிருந்து இடமா நடப்பார், பாக்கறவங்களுக்கு மூட்டையைத் திருப்பி எடுத்துட்டுப் போற மாதிரி தோணும். நடக்கற பாதையை ஒரு கோடுன்னு வச்சுக்கிட்டு அதுக்கு ஒரே பக்கத்துல நின்னு எடுக்கணும். ஆனா செக்கை எந்தப் பக்கம் நின்னு எடுத்தாலும் உலக்கை நமக்கு முன்னாடி ஒரே திசையிலதான் கடந்து போகும், சுத்தற பொருளுக்கு அந்த வசதி உண்டு, இதை டீம்ல இருந்த ஒரு பொண்ணு தட்டுல ஸ்பூனை வச்சு சுத்திக் காட்டினப்போ எனக்குக் கைதட்டணும் போல இருந்துச்சு.

இனி எடிட்டிங், இங்க மூளை நம்ம பக்கம் வந்துடும். ரஷ்யாவுல லெவ் குலெஷோவ்ங்கற சினிமா இயக்குநர் சுமார் 100 வருஷம் முன்னாடி, மோசுகின்ங்கற நடிகரோட சலனமே இல்லாத ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி, ஒரு தடவை ஒரு பெண்ணுன்னு பக்கத்துல ஒட்டிக் காட்டினார், பாத்தவங்க பசின்னாங்க, சோகம்னாங்க, ஆசைன்னாங்கன்னு சொல்லுவாங்க. நாங்களும் ஹாஸ்டல் பொண்ணா நடிச்சவகிட்ட எதுவும் நடிக்காத, சும்மா பாருன்னு சொல்லி மூணு செகண்ட் எடுத்தோம். அதுக்கப்புறம் இட்லித் தட்டை ஒட்டினா பசிக்குதுன்னு தெரியுது, அதே முகத்துக்கப்புறம் திண்ணையில பாட்டியோட வெத்தலைப் பெட்டியை ஒட்டினா கண்ணு கலங்கற மாதிரியே இருக்கு, முகம் ஒரு துளி மாறல. ரெண்டாவதைத்தான் வச்சோம்.

ஒரு ஷாட்ல இருந்து அடுத்ததுக்கு மாறற கட் தெரியாம இருக்கறதுக்கும் கண்ணோட பழக்கம்தான் உதவுது. நம்ம கண்ணு செகண்டுக்கு மூணு நாலு தடவை தாவித் தாவித்தான் பாக்குது, தாவற அந்த நொடியில பார்வை மங்கிடும், ஆனா நமக்கு இடைவெளியே தெரியறதில்ல. அதனால எண்ணெய் பாட்டிலைச் சாய்க்கற கையை தூரத்து ஷாட்ல பாதி வரைக்கும் விட்டு, மீதி பாதியை குளோசப்ல தொடர்ந்தா, கவனம் அந்த அசைவுலயே ஓடிட்டு இருக்கும், ஷாட் மாறினதைப் பெருசா யாரும் கவனிக்கமாட்டாங்க. கை அசையறதுக்கு முன்னாடியே வெட்டினா உறுத்தும்.

சத்தத்தை உதட்டோட சேக்கறது இன்னொரு சங்கதி. ஆத்துக்கு அக்கரையில துணி துவைக்கறவங்களைப் பாத்திருப்பீங்க, கை இறங்கின பிறகுதான் அடி சத்தம் வரும், 100 மீட்டர்னா கிட்டத்தட்ட 0.3 செகண்ட் தாமதம். பிறந்ததுல இருந்து சத்தம் பிந்தித்தான் பாத்திருக்கோம், அதனால சத்தம் பிந்தினா 125 மில்லிசெகண்ட் வரைக்கும் பெருசா தெரியாது, முந்தினா 45லயே உறுத்த ஆரம்பிக்கும்னு டிவி ஒளிபரப்புக்கான சர்வதேச பரிந்துரையே இருக்கு. 25 பிரேம்ல ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட், அப்போ முந்தறதுக்கு ஒரு பிரேம்தான் இடம், பிந்தறதுக்கு மூணு. ஷாட்டைக் கைதட்டி ஆரம்பிச்சா, எடிட்டிங்ல அந்தக் கூர்மையான சத்தம் விழற இடத்தையும் கை சேர்ற பிரேமையும் ஒண்ணா வச்சுடலாம். போன் வீடியோ பிரேம் வேகம் நடுவுல கொஞ்சம் கூடக் குறைய ஓடும், நீளமான ஷாட்னா கடைசி வரைக்கும் உதடு பாத்துக்கணும்.

கடைசியா ஃபைல். 1920க்கு 1080 படத்தை அப்படியே சேத்து வச்சா ஒரு பிரேம் 6 எம்பிக்கு மேல, 30 செகண்டுக்கு கிட்டத்தட்ட 4.7 ஜிபி. எங்க ஃபைல் 60 எம்பிதான் வந்துச்சு, ஏன்னா ஹெச்.264 மாதிரி வீடியோவைச் சுருக்கற முறை ஒரு முழுப் படத்தை வச்சுக்கிட்டு அடுத்தடுத்த பிரேம்ல எது நகர்ந்துச்சோ அதை மட்டும் எழுதுது, அசையாத சுவருக்குச் செலவே இல்ல. எங்களோட ரொம்ப அழகான ஷாட், மூட்டையில இருந்து எள்ளு கொட்டறது, அதுதான் வாட்ஸ்அப்ல அனுப்பினதும் கட்டம் கட்டமா உடைஞ்சுது, ஆயிரக்கணக்கான எள்ளு ஆளுக்கொரு திசையில போகுது, எதை வச்சு எதை யூகிக்கும். டாக்குமெண்டா அனுப்பினா தப்பிச்சுது, ஆனா எல்லாரும் அப்படி ஃபார்வர்ட் பண்ணமாட்டாங்கன்னு, எள்ளை உள்ளங்கையில வச்சு மெதுவா சாய்க்கற ஷாட்டா மாத்தினோம்.

முடிச்சுட்டு செக்குக்காரர்கிட்ட காட்டப் போனோம். அவர் முதல்ல பாக்கவே இல்ல, எண்ணெய் அளந்துக்கிட்டே, போடுங்க தம்பி, கேக்கறேன்னார். தனியா ரெக்கார்டு பண்ணின செக்கு சத்தத்தை குரலுக்கு அடியில மெல்லமா வச்சிருந்தோம். போன் ஸ்பீக்கர் சின்னது, மோட்டாரோட அடித்தொண்டை உறுமலை அதால குடுக்க முடியாது, மரம் மரத்துல உரசற கிரீச் சத்தம் மட்டும் மேல வந்துச்சு. அதைக் கேட்டதும் லிட்டர் படியைக் கீழ வச்சுட்டு திரும்பினார், இது நம்ம செக்குங்கன்னார், அப்புறம் முதல்ல இருந்து ஒருக்கா போடச் சொன்னார்.