செவுளைத் தூக்கிப் பார்ப்பவருக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் பாருங்கள். எங்கள் தண்டையார்ப்பேட்டைப் பெண்கள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலையே கேட்க மாட்டார்கள். சிவப்பாக இருந்தால்தான் பேரம். பொருளாதார ஆய்விதழ்களில் இந்த வேலையைச் செய்கிறவர்தான் மதிப்பீட்டாளர். கல்லூரிப் பேச்சில் 'ரெஃப்ரீ'. அனுப்பிய கட்டுரையை இதழாசிரியர் அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுப்பார். பெரும்பாலும் அதற்குப் பணம் கிடையாது. யார் படித்தது என்பது எழுதியவருக்குத் தெரியாது. ஆண்டுக் கடைசியில் சில இதழ்கள் மதிப்பீட்டாளர்கள் எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போட்டு நன்றி சொல்லும். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன்பு என் ஆய்வு மாணவி ஒருத்தி காசிமேட்டு ஏல விலையை வைத்துக் கட்டுரை எழுதினாள். டீசல் விலை ஏறியதால்தான் மீன் விலை ஏறியது என்பது முடிவு. ஏழு மாதம் கழித்து மதிப்பீடு வந்தது. இரண்டாவது மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லையே. அந்த நாட்களில் நீங்கள் குறித்த விலை யார் பிடித்த மீனுக்கு?"

அவள் முகம் தொங்கிப் போனது. எனக்கும் சுருக்கென்றது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வஞ்சிரத்தை விட்டுக் கருவாட்டுக்கு மாறுகிறவள் நான். கட்டுரையைத் திருத்தும்போது அது தோன்றவே இல்லை. அப்போது ஏலத்துக்கு வருவது ஃபைபர் படகு மீனும், வெளியூரிலிருந்து லாரியில் வரும் மீனும்தான். அந்த நாட்களைத் தனியாகப் பிரித்தோம். டீசல் தலையில் நாங்கள் கட்டிய ஏற்றத்தில் பெரும்பங்கு தடைக்காலத்துடையது.

அப்புறம் 'மதிப்பீட்டாளர்களுக்கு நன்றி' என்று அவள் எழுதியிருந்த ஒற்றை வரியை அடிக்கச் சொன்னேன். "தடைக்கால விலையைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன, பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி, மீதிப் பிழைகள் எங்களுடையவை" என்று மாற்றினோம். அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். நாம் சொல்வதை அவர் முழுக்க ஒப்புக்கொண்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மதிப்பீட்டாளர்கள் தவறவே மாட்டார்களா? தவறுவார்கள். தரம் தெரியாமல் பழைய கார் வாங்குகிறவரைப் பற்றி பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது இதழில் 1970-இல் வந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு.

அதற்காக, 'மூன்றே நாளில் பப்ளிகேஷன்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்று நாளில் யாரும் எதையும் படித்திருக்க மாட்டார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே விலைக்குப் போனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்றுதான் அக்கர்லாஃப் சொன்னார்.

நம் கட்டுரைக்கு மூன்று பேர் நேரம் கொடுத்தால், நாமும் மூன்று கட்டுரை படித்துக் கொடுப்பதுதான் கணக்கு. போன வாரம் எனக்கு ஒன்று வந்திருக்கிறது. எந்தத் தொழிலைப் பற்றியது என்று வெளியே சொல்லக் கூடாது. ஆனால் ஒரு அட்டவணையில் மழை மாதங்களையும் சேர்த்தே கூலிச் சராசரி போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன்.