மாதவிடாய் நின்றபின் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீமா? வேண்டவே வேண்டாம்

போன வாரம் 52 வயதுப் பெண் ஒருவர் வந்திருந்தார். இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. மூக்கின் ஓரங்களில் ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. "முகம் வறண்டு கறுத்துப்போச்சு டாக்டர். இதைத் தடவினதும் பளிச்சுனு ஆச்சு. இப்ப நிறுத்தினா எரியுது" என்று ஒரு ட்யூபை நீட்டினார். க்ளோபெட்டசால், மிக வீரியமான ஸ்டீராய்டு க்ரீம். உறவுக்காரர் ஒருவரின் அரிப்புக்கு எழுதிக் கொடுத்ததாம்.

இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பும் குறைந்துவிடுகிறது. அந்த வறட்சிக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் குறைவு, அழுக்கு அல்ல. ஏற்கெனவே மெலிந்த தோலை ஸ்டீராய்டு இன்னும் மெலிய வைக்கும்.

"ஆனா பளிச்சுனு ஆகுதே?" என்று கேட்கிறார்கள். ரத்தக்குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்குவதால் வெளுத்ததுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். ஈரப்பதம் ஒரு சொட்டுகூடச் சேர்வதில்லை. நிறுத்தியதும் குழாய்கள் மறுபடி விரியும், சிவக்கும், எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் தடவுவீர்கள். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் பருவும் பூனைமுடியும் வரும். ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சிக்கு நானே எழுதுகிறேன். எந்த இடத்தில், எத்தனை நாள் என்று சொல்லித்தான் எழுதுகிறேன். பல மாதம் தடவியவர்கள் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள்.

வறட்சிக்குத் தேவை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். குளித்த ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள், தயவுசெய்து.

முடிக்கு வருகிறேன். வகிடு அகலமானால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) பார்க்க வேண்டும். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லுங்கள். தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டக்கூடும். முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைத் தொடங்கினால் முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். பயந்து விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதமாகும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்நெற்றி முடி பின்வாங்கி, புருவமும் உதிர்ந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். முடிவேர் இருந்த இடம் தழும்பாகிவிட்டால் அங்கே மறுபடி முடி முளைக்காது. அந்த வாரமே காட்டுங்கள்.