பாண்டியில் வாங்கினால் வரி குறைவா?

போன தை மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வருமான வரி வேலையாக என் ஆபீசுக்கு வந்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து மேஜையில் வைத்தார். மகளுக்குச் சீர் வைக்கப் பாண்டிச்சேரி போய் வாங்கி வந்த டிவி.

"நம்ம விழுப்புரத்துல வாங்கியிருந்தா இன்னும் ரெண்டாயிரம், மூவாயிரம் கூட ஆகியிருக்கும் சார். அங்க டாக்ஸ் கம்மி இல்லையா?"

பில்லைப் பார்த்தேன். டிவி 40,000. மத்திய அரசுக்குப் போகும் சிஜிஎஸ்டி 9 சதவீதம், 3,600. மாநிலத்துக்குப் போகும் எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம், 3,600. மொத்தம் 47,200. பில்லை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, "நம்ம ஊர்க் கடையிலும் இதே ஒன்பது, இதே ஒன்பதுதான் சார்" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் "டாடா ஏஸ் 1,800" என்று அவரே குறித்து வைத்திருந்தார்.

வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். விற்பனை வரிக் காலத்திலிருந்து இந்த ஊரில் கணக்கு வேலை பார்க்கிறேன். "பாண்டி விலை" என்பது ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. தமிழ்நாட்டுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம், பாண்டிக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் தனித்தனி வரிப் பட்டியல். தொண்ணூறுகளில் டிவி, ஃபிரிட்ஜ், டைல்ஸ், மின்சாமான் என்று பல பொருளுக்கு அங்கே வரி குறைவு. வீடு கட்டுகிறவர் ஒரு லோடு டைல்ஸ் வாங்கினால் பாண்டி போய்வந்த செலவு போகக் கையில் மிஞ்சும்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைக்காரர் சரக்கை விழுப்புரத்துக்கு அனுப்பி வைத்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. மத்திய விற்பனை வரி வந்துவிடும். பதிவு இல்லாத சாதாரண ஆள் வாங்கினால் 10 சதவீதம், அல்லது உள்ளூர் வரி, எது அதிகமோ அது. நீங்களே கடைக்கு வந்து, காசு கொடுத்து, கையோடு தூக்கிக்கொண்டு போனால் அது பாண்டிக்குள் நடந்த விற்பனை, பாண்டி வரி மட்டும். அதனால்தான் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் "டெலிவரி எல்லாம் இல்லைங்க, வண்டி நீங்களே பிடிச்சுக்குங்க" என்பார்கள். வாத்தியார் இன்றைக்கும் டாடா ஏஸைத் தானே பிடித்தது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

இந்தப் போட்டி பாண்டிக்கு மட்டும் உரியதல்ல. நாடு முழுக்க ஒரு மாநிலம் வரியைக் குறைத்துப் பக்கத்து மாநிலத்தின் வியாபாரத்தை இழுப்பது நடந்துகொண்டே இருந்தது. 1999 நவம்பரில் டெல்லியில் முதலமைச்சர்கள் கூடி, 2000 ஜனவரி 1 முதல் யாரும் ஓர் அடிமட்ட விகிதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அப்புறம் 2007-ல் இரண்டு பக்கமும் பழைய விற்பனை வரிக்குப் பதில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்தது. தமிழ்நாட்டில் ஜனவரியில், பாண்டியில் ஜூலையில். வித்தியாசம் சுருங்கியது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரி செக்போஸ்டுகளையே எடுத்துவிட்டார்கள். பொருளுக்கு ஒரு விகிதம், அது நாடு முழுக்க ஒன்றே. 2025 செப்டம்பர் 22 அன்று பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆனபோது, விழுப்புரத்திலும் பாண்டியிலும் ஒரே காலையில்தான் ஆனது.

இன்று அங்கே விலை குறைவாக இருந்தால், அது கடைக்காரர் விட்டுக்கொடுத்த லாபம். அதை விழுப்புரத்திலும் பேரம் பேசி வாங்கலாம். போகிற போக்கில் ஒன்று: வரி விஷயத்தில் பாண்டி தாராளம் என்கிற நினைப்புக்கு நேர்மாறாக, சரக்கு விற்கும் சிறு வியாபாரி தமிழ்நாட்டில் 40 லட்சம் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பாண்டியில் அந்த வரம்பு 20 லட்சம்தான்.

ஜிஎஸ்டிக்குள் வராத பொருட்களில் மட்டும் எல்லைக்கோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல், டீசல், மது. வண்டிகளுக்கான சாலை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலுக்குத் தமிழ்நாடு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாட் போடுகிறது. கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல். பாண்டியில் வரி குறைவு என்பதால் பங்க் விலையில் சுமார் 5 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. அவ்வப்போது ஒன்றிரண்டு ரூபாய் கூடும், குறையும். விழுப்புரத்திலிருந்து பாண்டி எல்லைக்குள் இருக்கும் மதகடிப்பட்டு சுமார் 20 கிலோமீட்டர். பைக்கில் போய் 10 லிட்டர் போட்டால் 50 ரூபாய் மிச்சம். போய்வர 40 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் கிட்டத்தட்ட 90 ரூபாய் பெட்ரோல் செலவு. ஆக 40 ரூபாய் நஷ்டம், வெயில் தனி. வளவனூர்க்காரருக்குக் கணக்கு கட்டும். கோட்டக்குப்பத்துக்காரருக்கு நன்றாகவே கட்டும், அவருக்கு எல்லை என்பது அடுத்த தெரு. எப்படியும் அந்த வழியாகப் போகிற லாரிக்கு இன்னும் லாபம்: 300 லிட்டர் டீசலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் நிற்கும். லாரிக்காரர்கள் ஏன் எல்லை தாண்டும்வரை டேங்கை நிரப்புவதில்லை என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

இதில் வாங்குகிறவர் கவனிக்காத ஒன்று உண்டு. அவருக்குக் கிடைப்பது லிட்டருக்கு 5 ரூபாய். தமிழ்நாடு இழப்பது அந்த ஐந்து ரூபாய் மட்டும் அல்ல. லிட்டருக்கு வந்திருக்க வேண்டிய இருபதுக்கு மேற்பட்ட ரூபாய் முழுவதையும். பாண்டி குறைந்த வரியை வாங்கிக்கொண்டாலும் தன் ஊரில் ஓடாத வண்டியிடமிருந்து வாங்குகிறது. சின்ன ஊர் வரியைக் குறைத்தால் உள்ளூரில் இழப்பது கொஞ்சம், வெளியிலிருந்து வருவது நிறைய. பெரிய மாநிலம் அதற்குப் பதிலடியாக வரியைக் குறைத்தால் கன்னியாகுமரி வரைக்கும் குறைக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சண்டையில் எப்போதும் சின்னவர் பக்கமே கை ஓங்கும். பாண்டி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த, வெறும் 9 சதுர கிலோமீட்டர் உள்ள மாஹேயைப் பாருங்கள். மூன்று பக்கமும் கேரளம், பெட்ரோல் கேரளத்தைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு. கோழிக்கோடு, கண்ணூர் வண்டிகள் அங்கே நின்று டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன.

மது விஷயத்தில் எல்லை வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதைப் பாண்டி அரசே ஒரு முறை காட்டிக்கொடுத்தது. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பின் கடைகளைத் திறக்கும்போது, கொரோனா சிறப்பு வரி ஒன்றைப் போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஏற்றினார்கள். வெளியூர்க் கூட்டம் வந்துவிடக் கூடாது என்பது நோக்கம். 2021 ஏப்ரலில் அந்த வரி போனது, வார இறுதிக் கூட்டமும் திரும்பியது.

அந்தக் கூட்டத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவியையோ பெட்ரோலையோ எல்லை தாண்டி எடுத்து வருவது குற்றமில்லை. பாட்டில் அப்படியில்லை. அதன் லேபிளிலேயே "புதுச்சேரியில் விற்பனைக்கு மட்டும்" என்று அச்சிட்டிருக்கும். இந்தப் பக்கம் மதுவிலக்குச் சட்டம், 1937-ஆம் ஆண்டினது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வண்டியைப் பறிமுதல் செய்ய அதில் இடமுண்டு. என் வாடிக்கையாளர் ஒருவரின் அக்கா மகன் நண்பனின் கல்யாணத்துக்கென்று பையில் நாலு பாட்டிலோடு வந்து மதுவிலக்குப் போலீஸ் செக்போஸ்டில் மாட்டினான். மிச்சம் பிடித்தது முந்நூறு, நானூறு ரூபாய் இருக்கும். பைக்கை மீட்க அவர்கள் அலைந்த மாதங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டி அவன் அப்பா பேரில் இருந்ததால் அவரும் கூடவே அலைந்தார்.

கார் கதை சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 25 லட்சம் என்றால் 5 லட்சம். உடனே யாராவது ஒரு தரகர் "பாண்டி அட்ரஸ் ஒண்ணு ரெடி பண்ணித் தரேன்" என்று வருவார். வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே நின்றால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். பொய்யான வாடகை ஒப்பந்தம் போட்டது தனிக் குற்றம். கேரளத்தில் 2017-ல் பாண்டிப் பதிவு சொகுசுக் கார்கள் விவகாரம் போலீஸ் வழக்கு வரை போனது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நீங்கள் பாண்டியில் குடியிருந்தால் அங்கே பதியுங்கள், இல்லையென்றால் அந்த ஆளை ஆபீசுக்குள் கூட்டி வராதீர்கள்.

இனி வியாபாரிகளுக்கு. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், ஏனென்றால் மாதம் ஒருவராவது இதில் பணத்தை விடுகிறார்.

வளவனூர்ப் பக்கம் அச்சகம் நடத்தும் ஒரு தம்பி பாண்டியில் யுபிஎஸ்ஸும் பேட்டரிகளும் வாங்கினார். 1,00,000 சரக்கு, 18,000 வரி. ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்துத்தான் வாங்கினார், பில்லிலும் நம்பர் இருக்கிறது. அந்தப் பதினெட்டாயிரத்தை உள்ளீட்டு வரிக் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தார். அடுத்த மாதம், எந்த பில்லுக்குக் கிரெடிட் உண்டு என்று ஜிஎஸ்டி தளம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யைத் திறந்தால், அந்த பில் "கிரெடிட் கிடையாது" என்கிற பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

காரணம் பில்லிலேயே இருந்தது. தம்பியின் நம்பர் 33-ல் ஆரம்பிக்கிறது, தமிழ்நாடு. கடையின் நம்பர் 34, புதுச்சேரி. ஆனால் கடைக்காரர் சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று உள்ளூர் பில் போட்டுவிட்டார். அந்த எஸ்ஜிஎஸ்டி புதுச்சேரியுடையது. சட்டசபை உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் அதற்கு மாநிலம்போலத் தனி எஸ்ஜிஎஸ்டி உண்டு. அதைத் தமிழ்நாட்டு வியாபாரி தன் கணக்கில் கழிக்க முடியாது, கூட வந்த சிஜிஎஸ்டியும் சேர்ந்து போய்விடும். சரக்கு வளவனூருக்கு வருகிறது என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18,000 என்று ஒரே வரியாகப் போட்டிருக்க வேண்டும். கொடுக்கிற காசு ஒன்றுதான். ஒரு பில்லில் 18,000 திரும்ப வரும், இன்னொன்றில் வராது.

சரிசெய்ய வழி உண்டு. கடைக்காரர் பழைய பில்லை ரத்தாக்கும் கிரெடிட் நோட் போட்டு, ஐஜிஎஸ்டியில் புது பில் தர வேண்டும். அவருக்கு இதில் நஷ்டமில்லை. தவறான தலைப்பில் கட்டிய வரியை அவர் ரீஃபண்ட் கேட்கலாம், சரியான தலைப்பில் கட்டுவதற்கு வட்டியும் கிடையாது. ஆனால் கடையின் கணக்குப்பிள்ளைக்கு அது கூடுதல் வேலை. "ரிட்டர்ன் போட்டாச்சு சார்" என்று மூன்று வாரம் இழுத்தார். நான் நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் நகர்ந்தது. இதற்குக் கெடுவும் உண்டு: நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30-க்குள் கிரெடிட் எடுக்காவிட்டால் அவ்வளவுதான். ஆகவே கடையில் நிற்கும்போதே பில்லைப் பாருங்கள். 34 கடை, 33 வாடிக்கையாளர், ஐஜிஎஸ்டி இல்லை என்றால் கையோடு மாற்றச் சொல்லுங்கள். லாட்ஜ் பில் மட்டும் விதிவிலக்கு. அறை இருக்கிற ஊர் வரிதான் விழும், பாண்டியில் தங்கிய செலவின் வரியை மறந்துவிடலாம்.

சரக்கு வண்டியோடு கூடவே வர வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம் என்று பழகிவிட்டோம். எல்லை தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டாயம். விழுப்புரம் சாலையில் வருகிறவருக்கு எந்த இடத்தில் எல்லை தாண்டினோம் என்பதே தெரியாது. மதகடிப்பட்டு, திருபுவனை பாண்டி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டி வில்லியனூர் மறுபடி பாண்டி. வரித் துறைப் பறக்கும் படையிடம் "இது லோக்கல்தான் சார்" என்று சொல்லிப் பயனில்லை. மாட்டினால் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம், அந்த அச்சகத் தம்பியின் சரக்குக்கு 36,000 வரும். அவர் ஆம்னி வேனில் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சீட்டும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது அவர் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் கடைசியில் கேட்டார்: "அப்ப என் எஸ்ஜிஎஸ்டி 3,600 யாருக்குப் போச்சு?"

"பாண்டிச்சேரிக்கு. 2023 அக்டோபர் 1-லிருந்து விதி மாறியிருக்கு சார். பதிவு இல்லாதவர் வாங்கினாலும், பில்லில் அவர் முகவரி எந்த மாநிலமோ அங்கேதான் விற்பனை நடந்ததாகக் கணக்கு. விழுப்புரம் என்று போட்டிருந்தால் ஐஜிஎஸ்டி ஆகியிருக்கும், அதில் மாநிலப் பங்கு நமக்கு வந்திருக்கும். முகவரி இல்லையென்றால் கடை இருக்கிற ஊருக்கு."

பில்லில் வாத்தியார் பெயரும் செல்போன் நம்பரும் மட்டும் இருந்தன.

"அவன் போன் நம்பர்தான் சார் கேட்டான்" என்று சொல்லிக்கொண்டே பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார்.