ரொட்டி இருக்கட்டும், சாயத்தண்ணியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டங்கள்ல குடும்ப நல உத்தியோகத்தரா வேலை செய்றேன், லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, எல்லாருக்கும் நான் மிஸ்ஸிதான். கிளினிக்ல கர்ப்பிணித் தாய்மாரோட ரத்த ரிப்போர்ட்டைப் பாத்தா ஹீமோகுளோபின் 9, 9.5ன்னு வர்றது எங்க பக்கத்துல பெரிய அதிசயமே இல்ல. கர்ப்ப காலத்துல 11க்குக் கீழ இறங்கினாலே ரத்தசோகைன்னுதான் கணக்கு. உடனே நாங்க என்ன சொல்லுவோம்னா, கீரை சாப்பிடுங்க, பருப்பு சாப்பிடுங்க, மீன் சாப்பிடுங்கன்னு ஒரு பாட்டுப் பாடுவோம், அவங்களும் சரி மிஸ்ஸின்னு தலையாட்டிட்டுப் போவாங்க, அடுத்த மாசம் ரிப்போர்ட் அதே இடத்துல நிக்கும்.

கேட்டுப் பாத்தா விஷயம் வேற எங்கேயோ இருக்கு. (சாயம்னா எங்க பக்கம் பால் விடாத தேத்தண்ணி.)

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டியும் சம்பலும் மிஸ்ஸி. சாயம் குடிச்சேன்."

"நாங்க குடுத்த குளிசை?"

"அதையும் சாயத்தோடயே போட்டுட்டேன்."

கீரையிலயும் பருப்புலயும் இருக்கற இரும்புச்சத்தை நம்ம உடம்பு லேசுல எடுத்துக்காது, அதுலயும் சாப்பாட்டோட தேத்தண்ணி சேர்ந்துச்சுன்னா தேயிலையில இருக்கற டானின் அந்த இரும்பைப் பிடிச்சு வைச்சுக்கும், அப்புறம் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாம வெளியதான் போகும். அதாவது காசு குடுத்து வாங்கின பருப்பு, கஷ்டப்பட்டு ஆய்ஞ்ச கீரை, அரசாங்கம் சும்மா குடுக்கற குளிசை, எல்லாத்துலயும் பாதியை ஒரு கப் சாயம் சாப்பிட்டுடுது. தேத்தண்ணியை விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், மலையில குளிருக்கும் மழைக்கும் அது இல்லாம முடியாதுன்னு எனக்கும் தெரியும், நானும் ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறேன்னு எண்ணுறதில்ல. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணித்தியாலம் விடுங்க, அவ்வளவுதான். எழும்பின உடனே குடிச்சுட்டு அடுப்பு வேலையைப் பாருங்க, ரொட்டியைச் சுடுதண்ணியோட சாப்பிடுங்க, திரும்ப சாயம் வேணும்னா கொஞ்சம் பொறுத்துக் குடிங்க. செலவே இல்லாத வைத்தியம் இது ஒண்ணுதான். இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒரே நேரத்துல போடாதீங்க, கல்சியம் இரும்பை உடம்புக்குள்ள போக விடாம தடுக்கும், ஒண்ணைக் காலைலயும் ஒண்ணை ராவுக்கும்னு பிரிச்சுக்கங்க.

இப்ப சமையலுக்கு வரேன். டிவியில, ஃபோன்ல வர்ற ஹெல்தி சமையல் எல்லாம் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும், ஓட்ஸ் வேணும், ஒலிவ் ஒயில் வேணும், புரொக்கோலி வேணும். லயத்துல ஒரு காம்பரா, ஒரு அடுப்பு, காலைல பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் குடுக்கற இடத்துக்கு) போறதுக்கு முன்னாடி புருஷனுக்கு, ஸ்கூல் போற பிள்ளைகளுக்கு, பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்துல) விடற சின்னதுக்கு, தனக்குன்னு எல்லாத்தையும் ஒரே அடுப்புல முடிக்கணும், தண்ணியும் பைப்புல வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் உண்டு. இந்த நேரத்துல ரொட்டி சுடறது சோம்பேறித்தனம் இல்ல, அதைவிடச் சீக்கிரமா வயித்தை நிரப்பற, கொழுந்து பறிக்கற மலைக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடிய வேற சாப்பாடு இல்லங்கறதுதான் காரணம். அதனால ரொட்டியை விடுங்கன்னு சொல்ற ஆலோசனை எதுவும் எங்க பக்கம் செல்லாது. ரொட்டிக்குள்ள என்ன போகுது, பக்கத்துல என்ன இருக்குங்கறதுலதான் நாம கை வைக்கணும்.

கோதுமை மாவுல புரதம் இல்லாம இல்ல, ஆனா லைசின்னு ஒரு சத்து அதுல குறைவு, பருப்புல அது நிறைய இருக்கு, பருப்புல குறையறது கோதுமையில இருக்கு, ரெண்டும் சேர்ந்தா கிட்டத்தட்ட முழுப் புரதம். ஒரு சுண்டு மைசூர் பருப்பு ஏறக்குறைய 200 கிராம் வரும், அதுல புரதம் மட்டும் 45 கிராமுக்கு மேல. ஒரு முட்டையில 6 கிராம்தான். விலையை இங்க எழுதல, நான் எழுதி முடிக்கறதுக்குள்ள மாறிடும், நீங்களே கடையில ஒரு சுண்டு பருப்பையும் ஏழு முட்டையையும் விலை கேட்டுப் பாருங்க.

நான் வீடு வீடாச் சொல்லிக் குடுக்கற ரொட்டி இதுதான். ராவுக்கு பருப்பு வைக்கறப்போ வழக்கத்தைவிட ஒரு கை கூடப் போடுங்க, தேங்காய்ப்பால் ஊத்தாம, மஞ்சள், உள்ளி, வெங்காயம் போட்டு நல்லாக் குழைய வேக விட்டு, காலைக்கு வேணுங்கறதைத் தனியா எடுத்து மூடி வைங்க. பால் ஊத்தினா சீக்கிரம் புளிக்கும், ஊத்தாத பருப்பு எங்க குளிருக்கு விடியறவரைக்கும் தாங்கும், ஆனா காலைல ஒரு கொதி காட்டி ஆற வைச்சுத்தான் எடுக்கணும், பதுளைக்குக் கீழ சூடான பக்கம் இருக்கறவங்க ராத்திரி வைச்சதை நம்பாதீங்க. அந்தப் பருப்பைக் கோதுமை மாவுல போட்டு, ஒரு கை தேங்காய்ப்பூ, ஒரு பிடி பொடியா அரிஞ்ச கீரை, ஒரு பச்சைமிளகாய், உப்பு கொஞ்சம் போட்டுப் பிசைங்க. தண்ணி தனியா ஊத்தத் தேவையே இருக்காது, பருப்போட ஈரமே போதும், மாவு கையில லேசா ஒட்டற பதத்துல இருக்கட்டும், கெட்டியாப் பிசைஞ்சா ஆறினப்புறம் தோல் மாதிரி இழுக்கும். கல்லுல போட்டு ஒரு பக்கம் புள்ளி விழுந்ததும் திருப்பி மூடி வைச்சு வேக விடுங்க, பருப்பு சேர்ந்ததால சாதா ரொட்டியைவிட ஒரு நிமிஷம் கூடப் பிடிக்கும், அவசரத்துல எடுத்தா நடுவுல மாவா இருக்கும். இது மத்தியானம் வரைக்கும் மெத்துனு இருக்கும், பிள்ளைகளுக்குக் கறி தனியாக் கட்டவும் வேணாம்.

கீரைன்னா காசு குடுத்து வாங்கணும்னு இல்ல. சவ்சவ் கொடி லயத்துப் பக்கம் தானாவே படர்ந்து கிடக்கும், காயை மட்டும் பறிச்சிட்டுக் கொழுந்தை விட்டுடறோம், அந்த நுனிக் கொழுந்து அருமையான கீரை. பூசணிக் கொழுந்தும் அப்படித்தான். முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, நோக்கோல் இலை எல்லாம் சந்தையில பிடுங்கிக் குப்பையில போடறாங்க, கேட்டா சும்மாவே குடுப்பாங்க. லீக்ஸோட பச்சைப் பகுதியை வெட்டி வீசறவங்களைப் பாத்தா எனக்குக் கோவமே வரும், பொடியா அரிஞ்சு வதக்கினா அதுவும் சாப்பாடுதான். எங்க மலையில விளையற கரட்டும் லீக்ஸும் லொறி ஏறித் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய் விலை ஏறித் திரும்பி வர்ற கதையை இன்னொரு நாள் பேசுவோம். மரக்கறித் தோட்டங்கள்ல மருந்து நிறைய அடிக்கிறாங்க, அதனால வெளி இலையைக் கழிச்சிட்டு ஓடற தண்ணியில நல்லாக் கழுவிட்டுத்தான் அரியணும், அரிஞ்சிட்டுக் கழுவினா சத்து தண்ணியோட போயிடும். கீரைச் சுண்டல்ல தேசிக்காய்ப் புளியை அடுப்புல இருந்து இறக்கினப்புறம் விடுங்க, சூட்டுல விற்றமின் சி கெட்டுடும், அந்த விற்றமின் சிதான் கீரையில இருக்கற இரும்பை உடம்புக்குள்ள இழுத்து விடறது. தேசிக்காய் விலையா இருக்கற மாசத்துல கொய்யா, நெல்லிக்காய், பச்சைத் தக்காளிச் சம்பல், எது கிடைக்குதோ அது.

கடலை, கௌபி விஷயத்துல எல்லாரும் ஒரே முறைப்பாடுதான், மிஸ்ஸி வேகவே மாட்டேங்குது, விறகுதான் தீருது. அவங்க மேல பிழை இல்ல, மலையோட குணம் அது. நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து 1868 மீற்றர் உயரம், அங்க தண்ணி 100 பாகைக்குப் போகாது, 94 பாகைக்கிட்டயே கொதிக்க ஆரம்பிச்சிடும், ஹட்டன்ல 96 பாகை அளவுல. நீங்க எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த சட்டியில தண்ணி அதுக்கு மேல சூடாகாது, ஆவிதான் போகும். அதனாலதான் கொழும்புல இருந்து வர்ற சமையல் குறிப்புல முக்கால் மணித்தியாலம்னு எழுதியிருந்தா இங்க ஒண்ணேகால் ஆகுது. பிரஷர் குக்கர்ல 100 பாகையையும் தாண்டி ஏறும், அதனால மேல் மலையில இருக்கறவங்களுக்கு அது ஆடம்பரச் சாமான் இல்ல. சீட்டுக்காசு வந்தா ரெண்டாவது ஃபோன் வாங்கறதுக்கு முன்னாடி இதை வாங்குங்கன்னு நான் வெக்கமில்லாமச் சொல்லுவேன், விறகுலயோ கேஸ்லயோ அந்தக் காசு திரும்பி வந்துடும். குக்கர் இல்லாதவங்க ஊற வைக்கறதைத்தான் நம்பணும், குளிருக்கு இங்க ஊறவும் நேரம் எடுக்கும், ராவைக்குப் போட்டாக் காலைல பாதிதான் ஊறியிருக்கும், அதனால காலைல வேலைக்குப் போறப்போ போட்டுட்டு நடுவுல வீட்டுக்கு வர்றவங்க தண்ணியை ஒருக்கா மாத்திட்டு பின்னேரம் அவிக்கிறதுதான் வசதி. சீக்கிரம் வேகணும்னு அப்பச்சோடா போடாதீங்க, கடலை வெந்துடும், ஆனா பி1 விற்றமின் போயிடும். அதுக்கும் நேரமில்லைன்னா பாசிப்பயறு, மைசூர் பருப்பு ரெண்டும் ஊறாமலே வேகும். இந்த ஊற வைக்கற வேலை பொம்பளை வேலை இல்ல, சட்டியில தண்ணி ஊத்தறதுக்குக் கொழுந்து பறிக்கற கை எதுக்கு, வீட்டு ஆம்பளைங்க செய்யலாம். கிளினிக்குக்குத் துணைக்கு வர்ற மாப்பிள்ளைமார்கிட்ட இதை நேராவே சொல்றேன், சிரிச்சிக்கிட்டே செய்றவங்களும் இருக்காங்க.

மீன், இறைச்சி விலைக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நெத்தலிக் கருவாடு மட்டும் மறக்காதீங்க, முள்ளோட சாப்பிடறதால கல்சியமும் கிடைக்கும், கொஞ்சமாப் போட்டாலும் குழம்பு முழுக்க மணக்கும். சுடுதண்ணியில ரெண்டு தரம் அலசி உப்பை எடுத்துடுங்க, அப்புறம் அந்தக் கறிக்கு வேற உப்பே வேணாம். பெரியவங்க ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டுலயும் சேர்த்து எடுக்க வேண்டிய உப்பு ஒரு தேக்கரண்டிக்குள்ள, 5 கிராம், ஆனா கட்டச்சம்பலும் கருவாடும் ஒரே வேளையில வந்தா அது மத்தியானத்துலயே முடிஞ்சிடும், பிரஷர் இருக்கறவங்க ரெண்டுல ஒண்ணை எடுங்க. முட்டை ஆளுக்கொண்ணு முடியலைன்னா லீக்ஸை நிறைய வதக்கி அதுல ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்திக் கிண்டினா நாலு பேருக்கு வரும், தட்டுல போடறப்போ சின்னப் பிள்ளைக்கும் வயித்துப் பிள்ளைக்காரிக்கும் முதல்ல போடுங்க. எங்க வீடுகள்ல அம்மா கடைசியாச் சட்டியைத் துடைச்சுச் சாப்பிடற பழக்கம் இருக்கே, அதையும் நான் ரத்தசோகைக் கணக்குலதான் எழுதுவேன்.

சின்னப் பிள்ளைகளைப் பத்தி. 2016ல எடுத்த சனத்தொகை சுகாதார ஆய்வுல 5 வயசுக்குக் கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க நூத்துக்கு 17 பேர், தோட்டப் பக்கம் மட்டும் 32 பேர் கிட்ட. ஆறு மாசம் முடிஞ்ச பிள்ளைக்குத் தனியாச் சமைக்க வேணாம், நீங்க வைக்கற பருப்புல மிளகாய் போடறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து, சோறு, ஒரு துண்டு கரட்டோ பூசணியோ சேர்த்து மசிச்சு, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் குடுங்க, தண்ணி மாதிரி கரைச்சு ஊத்தாதீங்க, கரண்டியைச் சரிச்சா சட்டுனு வழியக்கூடாது. பிள்ளை அழுதா சாயத்துல பிஸ்கட்டைத் தோய்ச்சுக் குடுக்கற ஆச்சிமார் எல்லா லயத்துலயும் இருக்காங்க, அவங்ககிட்டச் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்ல, சாயத்துக்குப் பதிலா திரிபோஷ (கிளினிக்ல குடுக்கற சத்துமா) உருண்டை பிடிச்சு ஒரு போத்தல்ல போட்டு அவங்க கையிலயே குடுத்துடுங்க. அந்தத் திரிபோஷவை வீட்டுல எல்லாரும் பங்கு போட்டுக்கறதையும் கொஞ்சம் நிப்பாட்டணும்.

பக்கெட் நூடில்ஸ், சூப் கட்டி, பிஸ்கட் எல்லாம் மலிவுன்னு நினைக்கறது கடையில கணக்கு வைச்சு வாங்கறதாலதான், சின்னச் சின்னதா எழுதறப்போ தெரியாது, சம்பளத்தன்னைக்குத்தான் தலை சுத்தும். சம்பளம் வந்ததும் கடைக்கணக்கைத் தீர்க்கறப்போவே அந்த மாசத்துப் பருப்பு, பயறு, நெத்தலி மூணையும் முதல்ல எடுத்து டின்னுல போட்டுடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். உப்புப் பக்கெட்டையும் அடுப்போரம் திறந்து வைக்காதீங்க, சூட்டுக்கும் ஈரத்துக்கும் அயடீன் போயிடும், மூடின போத்தல்ல வைச்சுச் சமையல் முடியறப்போ போடுங்க.

இவ்வளவு செய்தும் களைப்புப் போகல, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, நாக்கு வெளுத்திருக்கு, பச்சரிசியோ மண்ணோ சாம்பலோ திங்கணும்போல ஆசை வருதுன்னா அதைச் சமையலால மட்டும் சரி பண்ண முடியாது. அந்த ஆசையைச் சொல்ல வெக்கப்படறாங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, இரும்பு குறைஞ்சவங்களுக்கு அது வர்றதுதான். கொக்கிப்புழுவும் ஒரு காரணமா இருக்கலாம், ஈர மண்ணுல வெறுங்காலோட நடக்கறப்போ தோலைத் துளைச்சு உள்ள போய்க் குடல்ல ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும், நீங்க சாப்பிடற கீரையெல்லாம் அதுக்குத்தான் போகும். மலைக்குப் போறப்போ சப்பாத்து, கக்கூசுக்குப் போறப்போ செருப்பு. பூச்சிக் குளிசை கிளினிக்ல இருக்கு, கர்ப்பிணின்னா முதல் மூணு மாசம் முடியட்டும்னு வைச்சிருப்போம், அதனால கடையில தானா வாங்கிப் போடாம கார்டையும் எடுத்துக்கிட்டு வாங்க, வர்றப்போ காலைல என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குச் சாயம் குடிச்சீங்கன்னு ஞாபகம் வைச்சுக்கிட்டு வாங்க, நான் அதைத்தான் முதல்ல கேப்பேன்.